கதவை உதைக்கும் குதிரை: தண்டையார்பேட்டை லாயத்தில் ஆறு வாரம்

தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் நாலு அறை லாயம். எல்லாம் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகள். சௌகார்பேட்டை வேலைதான் அதிகம். மூன்றாம் அறையில் நிற்கும் வெள்ளைப் பெட்டை விடியற்காலையில் இரும்புக் கதவை உதைக்கத் தொடங்கினால் எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் அதிரும். ஆடி முதல் வாரம் இந்த வேலையை எடுத்தோம். ஆவணி நடுவில்தான் முடிந்தது. செலவான காசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். எது வீண், எது பலித்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

ஆடி என்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. வடக்கத்தியருக்கும் சாதுர்மாசம் தொடங்கிவிடும், கார்த்திகை வரை முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த நாட்களில் ராத்திரி நாலு மணி நேரம் நடந்து களைத்து வரும் குதிரை, இந்த மாதங்களில் ஒரு நாளில் 22 மணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உதை அப்போதுதான் கூடும்.

முதல் தவறு: தகரத்தின் மேல் தகரம்

பழைய கதவு 4 அடி அகலம், 4½ அடி உயரம், அரைக்கதவு. 40×40×5 மி.மீ. ஆங்கிள் (L வடிவ இரும்பு) சட்டத்தில் 18 கேஜ் தகரம் வைத்து வெல்டிங் செய்தது. கீழ்ப்பாதி முழுக்கக் குழி விழுந்து, ஓரிடத்தில் தகரம் சட்டத்தை விட்டுப் பிரிந்திருந்தது. கதவு பலவீனமாக இருப்பதுதான் கோளாறு என்று நினைத்து, பட்டறையில் சொல்லி அதன்மேல் இன்னும் தடிமனான 14 கேஜ் தகரம் ஒன்றைப் போட்டோம். 1,900 ரூபாய்.

சத்தம் குறையவில்லை. டங் டங் என்று கேட்டது தம் தம் என்று ஆனது, அவ்வளவுதான். ஆறாம் நாள் கீழ் மூலையில் வெல்டிங் விட்டு, புதுத் தகரத்தின் விளிம்பு உள்பக்கமாக மடங்கி நின்றது. தரையிலிருந்து 10 அங்குல உயரத்தில், கத்தி போல. குளம்புக்கு மேலே இருக்கும் மெல்லிய தோல் அந்த விளிம்பில் பட்டிருந்தால் நரம்பு வரை கிழிந்திருக்கும். அன்றே கிரைண்டர் போட்டு அறுத்து எடுத்தோம். குதிரை நிற்கும் அறைக்குள் வெறும் தகரம் எந்தத் தடிமனிலும் வேண்டாம்.

எந்தக் கால், எந்த நேரம்

இதைத்தான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். கோலமாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கதவின் உள்பக்கம் முழுக்கப் பூசிக் காயவிட வேண்டும். கல்மாவுக் கோலப்பொடிதான் வாங்க வேண்டும். அரிசிமாவு பூசினால் குதிரை நக்கித் துடைத்துவிடும். முதல் ராத்திரி அப்படித்தான் ஆனது. சுண்ணாம்பும் கூடாது, வாய் வெந்துவிடும்.

காலையில் பார்த்தபோது எல்லாத் தடமும் தரையிலிருந்து 16 முதல் 28 அங்குலத்துக்குள் இருந்தன. பிறை வடிவத்தில் லாடத்தின் முன்நுனி மட்டும் பட்ட தடம். கதவின் பூட்டு இருக்கும் பக்கத்திலேயே குவிந்திருந்தது. ஆக, கதவைப் பார்த்து நின்றுகொண்டு இடது முன்காலால் தட்டுகிறது. பின்காலால் உதைத்தால் தடம் இன்னும் மேலே, 30 அங்குலத்துக்கு மேல், குளம்பு முழு வட்டமாகவோ குதிகால் பக்கமாகவோ விழும். இரண்டும் வேறு வேறு கோளாறு, வேறு வேறு வைத்தியம்.

நேரம் பார்க்க ஒரு பழைய செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு, சாயந்திரம் 6 முதல் காலை 6 வரை அறைக்கு வெளியே மாட்டினோம். மூன்று ராத்திரி. சாயந்திரம் 7 மணி வாக்கில் கேட்ட ‘தொப் தொப்’ உதையே இல்லை, தரையில் காலை மிதிக்கும் சத்தம். காரணம் கொசு, கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் உயரத்துக்குக் காற்று வீசும்படி ஒரு மேசை விசிறியை வெளியே வைத்ததும் அது பாதியாகக் குறைந்தது. விசிறியின் வயர் குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது.

உண்மையான உதை 4.45க்குத் தொடங்கி 5.15க்கு நின்றது. மூன்று நாளும் இதே அரை மணி. சராசரி 60 உதை. 4.45க்கு டியூப்லைட் போடுகிறார்கள், கொள்ளு வேகவைக்க அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். 5.15க்குத் தீனி வாளி வருகிறது. உதைச் சத்தத்துக்குப் பயந்து மூன்றாம் அறைக்குத்தான் முதல் வாளி. “உதைச்சா தீனி வருதுன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சு சார்” என்று குதிரைக்காரர் சொன்னது முழு உண்மை. ஆனால் அப்போது அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, எங்கள் கவனம் கதவிலேயே இருந்தது.

வைத்தியரிடம் காட்டுவதை இந்தக் கட்டத்தில் செய்தோம். அது சரியான முடிவு. பெரிய மிருகங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்திலேயே இருக்கிறது. பார்க்கச் சொன்னவை: பல் விளிம்பு, கால்களில் சொறி, வயிறு. இரைப்பைப் புண் இருந்தாலும் தீனி நேரத்தில் குதிரை இப்படிப் பொறுமை இழக்கும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தன் வயிற்றையே பின்காலால் உதைத்துக்கொள்வது, படுத்துப் புரள்வது தெரிந்தால் கதவை மறந்துவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும், அது வயிற்றுவலி. இந்தக் குதிரைக்கு இடது முன்முழங்காலில் எலுமிச்சை அளவு நீர் கோத்த வீக்கம், அதே காலில் லாட ஆணி இரண்டு தளர்ந்திருந்தது. இரண்டுமே உதையின் விளைவு. ஊர்வலம் இல்லாத மாதம் என்பதால் முன்லாடம் இரண்டையும் கழற்றிக் குளம்பை உருட்டி ராவிவிட்டோம். தார் ரோட்டில் நடக்கத் தொடங்கும்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம். லாடம் போனதிலேயே சத்தம் ஓரளவு இறங்கியது.

ஒட்டிய பாய் உரிந்த கதை

மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் பாய், 6½ × 4 அடி, 17 மி.மீ. தடிமன், 2,400 ரூபாய். ரப்பர் ஒட்டும் பசை 650. தகரத்தைச் சுரண்டித் துடைத்து ஒட்டினோம். ஐந்தாம் நாள் மேல் விளிம்பு உரிந்து தொங்கியது. குதிரை அதைப் பல்லால் பிடித்து இழுத்து மீதியையும் உரித்தது. மேற்கு வெயில் படும் கதவு, தகரம் தொட முடியாத அளவுக்குச் சூடேறுகிறது, கடற்காற்றின் ஈரம் வேறு. பசைக்கு அங்கே வேலையில்லை. தவிர, தகரத்தோடு நேராக ஒட்டிய பாய் டங் என்ற ஒலியைத்தான் குறைக்கிறது. தகரம் உள்ளே வெளியே அசைவது அப்படியே இருக்கிறது.

நடுவில் கோணிப்பையில் மரத்தூள் அடைத்துப் பாய்க்குப் பின்னால் வைத்துப் பார்த்தோம். நாலே நாளில் எலி. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

பாய் வீணாகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். கதவுக்கு உள்ளே தரையில் போட்டோம். முன்காலால் தட்டும் குதிரை தரையையும் பறிக்கும், சிமெண்ட் தரையில் குளம்பு முனை தேயும்.

பலகையும் பெல்ட்டும்

இந்தக் கதவு நின்றது. அளவோடு சொல்கிறோம்.

தகரத்தை முழுக்க அறுத்து எடுத்துவிட்டு ஆங்கிள் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். வால்டாக்ஸ் ரோட்டில் பழைய வீடு இடித்த சால் மரப் பலகை, 1½ அங்குலத் தடிமன், 6 அங்குல அகலம், 4 அடி நீளம், ஒன்பது. கணக்கு 2¼ கன அடி, கழிவோடு 2½. கன அடி 1,400 என்று 3,500 ரூபாய். பழைய மரம் என்றால் ஒவ்வொரு பலகையிலும் காந்தத்தை ஓட்டி ஆணி தேடியே தீர வேண்டும். எங்களுக்குப் பதினொன்று கிடைத்தது. பலகைகளைக் குறுக்காக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே 1 நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விட்டோம். ஒன்பதாவது பலகையை அந்த அளவுக்குச் சீவிக் குறைக்க வேண்டியிருந்தது. இடைவெளி விடாவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊதிச் சட்டத்தைத் தள்ளும்.

அதன்மேல் கன்வேயர் பெல்ட். துறைமுகத்திலும் நிலக்கரி இறக்கும் இடங்களிலும் ஓடிக் கழிந்த பெல்ட், எண்ணூர், மணலிப் பக்கப் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். 1,200 மி.மீ. அகலம் என்பது சாதாரண அளவு. 4 அடிக் கதவுக்கு அளவெடுத்ததுபோல் உட்காரும். 10 மி.மீ. தடிமனில் 1.35 மீட்டர் வாங்கினோம். 20 கிலோ, கிலோ 55 வீதம் 1,100 ரூபாய். வாங்கும்போது வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். உள்ளே துணி அடுக்கு தெரிந்தால் சரி. கம்பி தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சீக்கிரமே ஊசி ஊசியாக வெளியே வரும். நிலக்கரித் தூளைச் சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைக் குதிரை சாம்பல் குதிரை ஆகும்.

பெல்ட்டை வெட்டக் கிரைண்டர் கூடாது, புகையும் நாற்றமும் தாங்காது. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டுச் செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் கத்தியால் இழுத்தால் நாலு இழுப்பில் வரும். ஓட்டை போட டிரில் வைத்தோம். ரப்பர் முனையைப் பிடித்துக்கொண்டு கையைத் திருகியது. பெரியமேட்டில் தோல் வேலைக்காரர்கள் வாங்கும் குழல் பஞ்ச், 10 மி.மீ., சுத்தியலால் ரெண்டு அடி. சுத்தமான ஓட்டை.

போல்ட் 3/8 அங்குலம், 3 அங்குல நீளம், துருப்பிடிக்காத எஃகு, குமிழ்த்தலை. 24 போல்ட், ஒன்று 38 ரூபாய், மொத்தம் 912. இங்கே சாதா இரும்பு போல்ட் ஒரு மழைக்காலம் தாண்டாது. குமிழ்த்தலை குதிரைப் பக்கம், நட்டு வெளிப்பக்கம். பெல்ட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்க விளிம்பிலும் 25×5 மி.மீ. ஃபிளாட் பட்டை வைத்து அழுத்தி முடுக்கினோம். பட்டையின் ஓரங்களைக் கிரைண்டரில் உருட்டியது முக்கியம். கீழ் விளிம்பில் பட்டை வைக்கவில்லை. குளம்பு நுனி போய் மோதும் இடம் அது. பெல்ட்டையே கதவின் அடியில் மடித்து, வெளிப்பக்கத்திலிருந்து போல்ட் போட்டோம். நடுவில் ஒரு போல்ட்டும் இல்லை. பெல்ட் நடுவே கொஞ்சம் மிதந்து நிற்க வேண்டும். அந்த மிதப்புதான் உதையை வாங்குகிறது. கதவின் உச்சி விளிம்பில் பல் படாமல் இருக்க ஒரு ஆங்கிள் கவிழ்த்தோம்.

மரம், பெல்ட், சட்டம் எல்லாம் சேர்த்துக் கதவு 90 கிலோவைத் தொட்டது. இதை முன்கூட்டிக் கணக்குப் போடாதது அடுத்த தவறு. பழைய இரண்டு கீலிலேயே தொங்கவிட்டோம். பத்து நாளில் 6 நூல் இறங்கியது, தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. பிறகு கனமான புல்லட் கீல் (உருளை வடிவ வெல்டிங் கீல்) மூன்று, 540 ரூபாய், மேலிருந்து 6 அங்குலத்தில் ஒன்று, கீழிருந்து 6 அங்குலத்தில் ஒன்று, மூன்றாவதை நடுவில் வைக்காமல் மேல் கீலுக்கு ஓர் அடி கீழே. இழுவை முழுக்க மேல் கீலில்தான் விழுகிறது.

தாழ்ப்பாள் இரண்டு. நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் கீழ் மூலை ஒவ்வொரு உதைக்கும் வெளியே தெறித்துத் திரும்பி வந்து அடிக்கும். சத்தத்தில் பாதி அதுதான். கீழே ஒரு தாழ், காலால் தள்ளித் திறக்கிற மாதிரி, கதவு நிலையோடு சேர்த்துப் போட்டோம். தாழ் நாக்குக்கும் துளைக்கும் இடையில் ஆட்டம் இருந்தால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சொருகலாம். கதவுக்கும் தரைக்கும் இடைவெளி 1 அங்குலம். பழைய கதவில் 3 அங்குலம் இருந்தது. கவிழ்ந்து படுக்கும் குதிரையின் குளம்பு அதில் நுழைந்துகொள்ளும்.

பட்டறைக் கூலி, பட்டை எல்லாம் சேர்த்து 1,800. ஆசாரி ஒரு நாள் 1,200.

சத்தம் போனது. எதிர்வீட்டில் கேட்கவில்லை என்றே சொன்னார்கள். முழங்கால் வீக்கமும் மூன்று வாரத்தில் வடிந்தது. ஆனால் ஒலிப்பதிவில் எண்ணிப் பார்த்தால் உதை 55. அறுபதிலிருந்து ஐம்பத்தைந்து. கதவை மாற்றினோமே தவிரக் குதிரை மாறவில்லை.

சங்கிலி

இந்தச் சமயத்தில்தான் பழைய ஆட்கள் சொல்லும் வழி ஒன்றைச் செய்தோம். கணுவுக்குக் கீழே ஒரு தோல்பட்டை, அதில் தொங்கும் 8 அங்குல மெல்லிய சங்கிலி. உதைக்கும்போது சங்கிலி தன் காலிலேயே அடிக்கும், அதனால் நிறுத்தும் என்பது கணக்கு. 350 ரூபாய். முதல் ராத்திரி குதிரை சங்கிலியின் சத்தத்துக்கே மிரண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்து வியர்த்து நின்றது. இரண்டாம் ராத்திரி கணுவுக்கு மேல் தோல் உராய்ந்து ரத்தம். கழற்றிவிட்டோம். முன்காலைத் தளை போட்டுக் கட்டுவது, கதவில் ஆணிப்பலகை அடிப்பது எல்லாம் இதே ரகம். அவற்றை முயன்று பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை.

வலையும் கண்ணியும்

குதிரையின் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரக்கிறது, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ராத்திரி 8 மணிக்குப் புல் போட்டு, ஒன்பதரைக்குள் அது தீர்ந்து, விடியற்காலை ஐந்தேகால் வரை வெறும் வயிறு. ஏழே முக்கால் மணி நேரம். நம் லாயங்களில் கொள்ளும் தவிடும் தாராளம், புல் குறைச்சல். நகரத்துக்குள் புல்தான் விலை.

எவ்வளவு புல் வேண்டும் என்பதற்கு முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். அதை இப்படி எடுக்கலாம்: முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டும் செ.மீ.யில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ. இந்தக் குதிரைக்குச் சுற்றளவு 160, நீளம் 162, வந்தது 349 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் உலர்தீனி என்றால் 7 கிலோ. கொடுத்துக்கொண்டிருந்தது 15 கிலோ பச்சை நேப்பியர் புல். அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், உலர் எடை 3 கிலோதான். மீதிக்குக் காய்ந்த அருகம்புல் நாலரைக் கிலோ சேர்த்தோம். கிலோ 22, ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல். வைக்கோலால் இந்த இடத்தை நிரப்பக் கூடாது, குடலில் அடைத்துக்கொள்ளும். நேப்பியரும் தவிடும் மட்டுமே கொடுப்பவர்கள் கால்சியத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் புல்லின் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவைக்கிறது, தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், முக எலும்பு வீங்கும். வாரத்தில் சில நாள் குதிரைமசால் நல்லது.

நாலரையில் ஒன்றரைக் கிலோ 8 மணிக்குத் தளர்வாக. மீதி 3 கிலோ ராத்திரி 10.30க்கு வலைப்பையில். சிறு கண்ணி வழியாகப் பிடுங்கித் தின்ன வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும்.

வலைக்குக் காசிமேட்டை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. ‘40 மி.மீ. கண்ணி’ என்று சொல்லி ஒரு பை பின்னச் சொன்னோம், 450 ரூபாய். வந்த வலையில் குதிரையின் உதடே நுழையவில்லை. அன்று காலை உதை 80! தப்பு எங்களுடையது. மீன்வலையில் கண்ணி அளவு என்பது கண்ணியை இழுத்து நீட்டிப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையில் எடுப்பது. 40 மி.மீ. கண்ணியை விரித்தால் பக்கம் 20 மி.மீ.தான் வரும். நமக்குப் பக்கம் 40 வேண்டும் என்றால் 80 மி.மீ. கண்ணி என்று கேட்க வேண்டும். இரண்டாவது பை, இன்னொரு 450. இழை 3 மி.மீ. பின்னல் கயிறு, நரம்பு மாதிரி ஒற்றை இழை நைலான் ஈறைக் கிழிக்கும்.

மாட்டும் உயரத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. புல் தீர்ந்ததும் வலை சுருங்கித் தொங்கும், அதற்குள் முன்கால் மாட்டினால் கால் முறியும். வளையம் 5½ அடியில்; காலிப் பையின் அடி தரையிலிருந்து 3½ அடிக்குக் கீழே வரவில்லை என்று அளந்து பார்த்தோம். வளையத்தில் நேராகக் கட்டாமல் நடுவே ஒரு சணல் சுற்றுப் போட்டுக் கட்டினால், அவசரத்தில் அது அறுந்து கொடுக்கும். வலையைக் கதவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். கதவருகே மாட்டினால் தின்றுகொண்டே தட்டும்.

வலை சரியான முதல் வாரத்தில் உதை 30க்கு இறங்கியது.

கொள்ளு வேகும் வாசனை

மிச்ச முப்பதும் அடுப்போடு சேர்ந்தது. விளக்கு எரிந்து, கொள்ளு வேகும் வாசனை வந்து, அரை மணி கழித்து வாளி. அந்த அரை மணியை ஒழிக்க வேண்டும். ராத்திரியே வேகவைத்து மூடிவைத்தோம். சென்னை வெக்கையில் காலைக்குள் நுரைத்துப் புளித்துவிட்டது. நல்லவேளை, வாளியை முகர்ந்து பார்த்துக் கொட்டினோம். புளித்த கொள்ளு வயிற்றுவலிக்கு நேர் வழி. பிறகு வறுத்து உடைத்த கொள்ளுக்கு மாறினோம். ராத்திரியே எடைபோட்டு, மூடி போட்ட வாளியில் உலர்வாக வைத்து, காலையில் தண்ணீர் தெளித்துப் பிசறி உடனே கொடுப்பது. விளக்கு போட்டதிலிருந்து நாலு வாளியும் உள்ளே போக இரண்டு நிமிடம்.

கூடவே ஒரு விதி. வாளியோடு மூன்றாம் அறைக்கு வரும்போது கால் தூக்கியிருந்தால் திரும்பி நடந்துவிட வேண்டும். நாலு காலும் தரையில், மனசுக்குள் பத்து எண்ணும் வரை. அப்புறம்தான் வாளி. அதட்டல் கிடையாது, கதவைத் தட்டுவது கிடையாது. அதட்டலும் அதற்கு ஒரு பதில்தான்.

இது கேட்பதற்குச் சுலபம். முதல் மூன்று நாள் உதை கூடியது. நாலாம் நாள் 110, இந்த ஆறு வாரத்திலேயே அதிகம். வழக்கமாகப் பலித்த வித்தை பலிக்கவில்லை என்றால் முதலில் இன்னும் உரக்கத்தான் செய்து பார்க்கும். அன்று பொறுக்க முடியாமல் வாளியைக் கொடுத்துவிட்டோம். அந்த ஒரு வாளி மூன்று நாளைத் தின்றது. நூறு உதை உதைத்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிட்டது. இரண்டாம் தடவை விடாமல் நின்றபோது ஆறாம் நாள் 40, பன்னிரண்டாம் நாள் 9, இருபதாம் நாளுக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ. இந்தக் கட்டத்தை மெத்தை போட்ட கதவு இல்லாமல் தொடங்கக் கூடாது. நாலாம் நாளின் 110 உதையை அந்த இரும்புக் கதவில் வாங்கியிருந்தால் முழங்கால் போயிருக்கும், சந்தே திரண்டு வந்திருக்கும்.

வாளி கொடுக்கும் ஆள் மாறினால் விதியும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லீவுக்கு மாற்றாக வந்தவர் ஒரு நாள் பயந்து முதலில் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் 14. காலையில் தீனிக்குப் பிறகு 40 நிமிடம் கையில் பிடித்து நடத்துவதையும் இதே வாரங்களில் சேர்த்தோம். அதன் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் நிறுத்தும் எண்ணம் இல்லை.

பின்காலால் உதைப்பவை

பின்காலால் சுவரையோ தடுப்பையோ உதைக்கும் குதிரைக்கு மேலே சொன்ன தீனி விதி அவ்வளவாக எடுபடாது. பெரும்பாலும் பக்கத்து அறையில் நிற்பதோடு சண்டை. இரண்டு அறைக்கும் நடுவில் கம்பி இருந்தால் தீனித்தொட்டிகள் ஒன்றுக்கொன்று தெரியாதபடி பலகை அடைத்துப் பார்க்கலாம், அல்லது அறையை மாற்றலாம். பெட்டை என்றால் சூட்டுக்கு வரும் நாட்களையும் உதைத்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்துப் பார்க்க வேண்டும். வால் அடியில் அரிப்பு, கணுவில் சொறி இருக்கிறதா என்பதையும். பெல்ட்டை 5 அடி உயரம் வரை ஏற்றியாக வேண்டும். பின்கால் முட்டியில் வீக்கம் வந்தால் அது வடிய மாதக்கணக்காகும்.

கணக்கு

நின்ற வேலை: பெல்ட் 1,100, மரம் 3,500, ஆசாரி 1,200, பட்டறை 1,800, கீல் 540, போல்ட் 912, வலை 450. மொத்தம் 9,502 ரூபாய். வீண்: தகரம் 1,900, பாய் 2,400, பசை 650, சங்கிலி 350, முதல் வலை 450, 5,750. பாயைத் தரைக்குப் பயன்படுத்தியதைக் கழித்தால் 3,350. புல் தினம் 100 ரூபாய், அது ஓடிக்கொண்டே இருக்கும் செலவு.

அடுத்த கதவுக்கு மாற்றுவது இவை. கோலமாவும் ஒலிப்பதிவும் முதல் வாரம், கதவில் கை வைப்பதற்கு முன். சால் மரத்துக்குப் பதில் 1¼ அங்குல வேம்பு போதும், 15 கிலோ குறையும். வலையை வளையத்தில் தொங்கவிடுவதற்குப் பதில், மூலையில் 2 அடி உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி அடித்து அதன் வாயில் இரும்புச் சட்டத்தோடு வலையைப் பொருத்தலாம் என்று பார்க்கிறோம். குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னும், மூக்கில் தூசி விழாது, கால் மாட்டவும் வழியில்லை. முதல் அறை ஆண்குதிரை புரட்டாசியில் தட்டத் தொடங்கியிருக்கிறது. தடம் 20 அங்குலத்தில், வலது முன்கால், சாயந்திரம் 6 மணி.